ட்ரையத்லான்: ஒரு புதன்கிழமை சாயங்காலத்துக் கதை

ட்ரையத்லான்ல கலந்துக்கப் போறேன்னு யார்கிட்டயாவது சொல்லிப் பாருங்க. அடுத்த கேள்வி ரெடியா இருக்கும். "ஓ, அயர்ன்மேனா?" இல்லைங்க, இது சின்னது, ஸ்பிரிண்ட்டுன்னு சொல்வாங்க, 750 மீட்டர் நீச்சல், 20 கிலோமீட்டர் சைக்கிள், 5 கிலோமீட்டர் ஓட்டம்னு விளக்க ஆரம்பிச்சா, "அப்படியா..."ன்னு ஒரு இழுப்பு வரும் பாருங்க. பையன் ஐஐடின்னு நெனச்சுக் கேட்டுட்டு, இல்லைன்னு தெரிஞ்சதும் மாமாக்கள் இழுக்கற அதே இழுப்பு :-)

பெரியது ஒண்ணு இருக்கு, அதை முடிக்க முடியாதவங்களுக்காகப் பின்னாடி யாரோ குட்டியா ஒண்ணு செஞ்சு குடுத்தாங்க. பெரும்பாலானவங்க மனசுல இருக்கற வரலாறு இதுதான். கதை அப்படியே உல்ட்டா. சின்னதுதான் அண்ணன். அயர்ன்மேன் நாலு வருஷம் கழிச்சுப் பொறந்த தம்பி. தம்பி கொஞ்சம் ஓவரா வளர்ந்துட்டதால அண்ணனை யாருக்கும் ஞாபகம் இல்லை. அந்த அண்ணன் பொறந்த கதையைத்தான் இங்க சொல்லப் போறேன்.

கதை நடக்கற இடம் அமெரிக்காவின் சான் டியேகோ. காலம் 1970களின் தொடக்கம். அமெரிக்காவுக்கு ஓட்டப் பைத்தியம் பிடிச்சிருந்த நேரம். 1968ல கென்னத் கூப்பர்ங்கிற டாக்டர் 'ஏரோபிக்ஸ்'னு ஒரு புத்தகம் எழுதினார். ஓடு, நீந்து, சைக்கிள் விடு, இதயத்துக்கு நல்லதுன்னு சொன்ன புத்தகம். 1972 மியூனிக் ஒலிம்பிக்ல ஃப்ராங்க் ஷார்ட்டர்ங்கிற அமெரிக்கர் மாரத்தான்ல தங்கம் வாங்கினார். அவ்வளவுதான், அதுவரைக்கும் தெருவுல ஓடறவனைப் பாத்தா திருடனோன்னு சந்தேகப்பட்ட ஊர்ல, ஆளாளுக்கு ஷூவை மாட்டிக்கிட்டு ஓட ஆரம்பிச்சாங்க.

சான் டியேகோவுல டேவ் பெய்ன்னு ஒரு வக்கீல் இருந்தார். நாப்பது வயசு தாண்டினவங்களும் தடகளத்துல போட்டி போடணும்னு 'மாஸ்டர்ஸ்' போட்டிகளை அமெரிக்காவுல வளர்த்துவிட்டவர் இவர்தான். 1972ல தன்னோட அம்பதாவது பிறந்தநாளுக்கு ஒரு போட்டி வெச்சார். நாம கேக் வெட்டுவோம், மனுஷன் ஒரு ஓட்டமும் அதோட ஒரு நீச்சலும் வெச்சார். பேரு பையத்லான். (பனியில சறுக்கிக்கிட்டே போய் துப்பாக்கி சுடற ஒலிம்பிக் பையத்லான் வேற. குழப்பிக்காதீங்க.)

இந்தப் பிறந்தநாள் போட்டி வருஷா வருஷம் தொடர்ந்தது. 1973ல இதுல கலந்துக்கிட்டவர்களில் ஒருத்தர் ஜாக் ஜான்ஸ்டன். காலேஜ் நாட்களில் நல்ல நீச்சல் வீரர். அப்புறம் நம்மள மாதிரியே உடம்பு பெருத்துப்போய், அதைக் குறைக்க ஓட ஆரம்பிச்சவர். அவருக்கு ஒரு குறை. இந்தப் பையத்லான்ல ஓட்டம் ஜாஸ்தி, நீச்சல் ரொம்பக் கம்மியா இருக்கேன்னு. நீச்சலை இன்னும் கொஞ்சம் கூட்டி நாமளே ஒண்ணு நடத்தினா என்னன்னு யோசிச்சார். உள்நோக்கம் புரியுதுல்ல? தனக்கு வர்றது நீச்சல், அதனால நீச்சல் ஜாஸ்தி இருக்கற போட்டி வேணும். உலகத்துல பாதி கண்டுபிடிப்புகள் இப்படித்தான் நடந்திருக்கும்னு எனக்கு ஒரு சந்தேகம் உண்டு.

யோசனையை எடுத்துக்கிட்டு சான் டியேகோ ட்ராக் கிளப்ல போட்டி அட்டவணை போடறவர்கிட்ட போனார். அவரோ, "இதே மாதிரி இன்னொருத்தரும் வந்து கேட்டாரே, அவரையும் சேத்துக்கோ"ன்னு டான் ஷனஹான்கிட்ட அனுப்பிவெச்சார். ஷனஹானுக்கு என்ன ஆசைன்னா, போட்டியில சைக்கிள் இருக்கணும். ஜான்ஸ்டனுக்கு சைக்கிள்ல பெரிய ஆர்வம் இல்லை. ஆனாலும் தனித்தனியா ரெண்டு கிறுக்குப் போட்டி வெக்கறதுக்கு பதிலா ஒரே கிறுக்கா வெச்சுடலாம்னு ரெண்டு பேரும் ஒத்துக்கிட்டாங்க. நவீன ட்ரையத்லான் பொறந்தது இப்படித்தான். எந்த விஞ்ஞானியும் உக்காந்து மூணு விளையாட்டைத் தேர்ந்தெடுக்கலை. ரெண்டு பேர் ஆசையை ஒரே மூட்டையில கட்டினாங்க, அவ்வளவுதான்.

கிளப்போட செய்தித்தாள்ல அறிவிப்பு வந்தது. மொத்தம் ஏறக்குறைய 6 மைல் ஓட்டம், அதுல தொடர்ச்சியா ஓடற நீளமான துண்டு 2.8 மைல். 5 மைல் சைக்கிள், ஒரே மூச்சில். 500 கஜம் நீச்சல், அதுல நீளமான துண்டு 250 கஜம். 2 மைல் அளவுக்குப் புல்லிலும் மணலிலும் வெறுங்கால் ஓட்டம். அவங்கவங்க சைக்கிளை அவங்கவங்களே கொண்டு வரணும். முதல் அஞ்சு பேருக்குப் பரிசு. நம்ம கணக்குல சொன்னா, பத்து கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைச்சலான ஓட்டம், எட்டு கிலோமீட்டர் சைக்கிள், அரை கிலோமீட்டருக்கும் குறைவான நீச்சல். அதாவது இன்னிக்கு ஸ்பிரிண்ட்டுன்னு நாம சொல்றதோட நெருங்கின சொந்தம்.

இதுல எனக்கு ரொம்பப் பிடிச்ச கட்டம் ஒண்ணு இருக்கு. பரிசுப் பலகையில பேரு பொறிக்கக் கடையில குடுத்திருந்தார் ஜான்ஸ்டன். கடைக்காரர் போன் பண்ணி, "சார், ட்ரையத்லான்னு சொன்னீங்களே, அதை எப்படி எழுதறது? எந்த அகராதியிலயும் அந்த வார்த்தையே இல்லையே"ன்னு கேட்டார். பென்டத்லான் இருக்கு, டெகத்லான் இருக்கு, அதே மாதிரி மூணுக்கு ட்ரையத்லான்னு முடிவு பண்ணி எழுத்துக்கூட்டிச் சொன்னார் ஜான்ஸ்டன். இன்னிக்கு ஒலிம்பிக் பதக்கப் பட்டியல்ல இருக்கற வார்த்தைக்கு, அன்னிக்கு ஒரு கோப்பைக் கடைக்காரர் கேட்டபிறகுதான் எழுத்து முடிவாச்சு.

போட்டி நாள் 1974 செப்டம்பர் 25. கிழமை என்னன்னு பாத்தேன், புதன். அதாவது வேலை நாள். சனி ஞாயிறு கிடையாது, விடுமுறை கிடையாது. வேலையை முடிச்சுட்டு, சைக்கிளைக் காருல போட்டுக்கிட்டு வந்தா, சாயங்காலம் 5:45 தாண்டித் தொடக்கம். இடம் மிஷன் பே. சதுப்பு நிலத்தைத் தோண்டி உருவாக்கின உப்பங்கழிப் பூங்கா அது. அதுக்குள்ள ஃபியஸ்டா தீவுன்னு ஒரு செயற்கைத் தீவு. வந்தவங்க 46 பேர்.

அந்த 46 பேர்ல பெரும்பாலும் ஓட்டக்காரங்க. ஓட்டக் கிளப்போட அறிவிப்பைப் பாத்து வந்த கூட்டம்தானே. சைக்கிள்னா வீட்டுல கெடந்த சைக்கிள். இன்னிக்கு மாதிரி லட்ச ரூபா கார்பன் சைக்கிள், வால் நீண்ட ஹெல்மெட், நீச்சலுக்குத் தனி உடுப்பு எதுவும் கிடையாது. இதுக்கு எப்படிப் பயிற்சி எடுக்கறதுன்னு சொல்லித்தர ஆளும் கிடையாது. இந்த வகையில முன்னாடி போட்டி போட்ட யாரும் அங்க இல்லைங்கறதால, அன்னிக்கு அத்தனை பேருமே கத்துக்குட்டிகள்தான். போட்டியை நடத்தினவங்க உட்பட.

அது என்ன அனுபவமா இருந்திருக்கும்னு ஓரளவு என்னால யோசிக்க முடியுது. நானும் ஒரே ஒரு ஸ்பிரிண்ட் முடிச்சிருக்கேன். தண்ணிக்குள்ள இறங்கின முதல் ரெண்டு நிமிஷம், நீச்சல்ங்கறதை விட பஸ்ல ஏறற மாதிரின்னு சொல்லலாம். ஒருத்தர் கை உங்க முதுகுல, இன்னொருத்தர் கால் உங்க மூஞ்சியில. குளத்துல தரையில கோடு போட்டிருக்கும், அதைப் பாத்தே நீந்திப் பழகியிருப்போம். திறந்த தண்ணியில கோடு ஏது? பத்து தடவை கையை வீசினா ஒரு தடவை தலையைத் தூக்கி மிதவை எங்கன்னு தேடணும்.

வெளிய வந்தா ட்ரான்சிஷன். உடுப்பு மாத்தி சைக்கிளை எடுக்கற இடம். இதை நாலாவது விளையாட்டுன்னே சொல்வாங்க. ஹெல்மெட் கொக்கியை மாட்டின பிறகுதான் சைக்கிளைத் தொடணும், கோட்டைத் தாண்டின பிறகுதான் ஏறணும், மீறினா அபராதம். ஈரக் கால்ல சாக்ஸ் போட்டுப் பாத்திருக்கீங்களா? வேண்டாம், பாக்காதீங்க :-)

உண்மையான கூத்து சைக்கிள்ல இருந்து இறங்கி ஓடும்போதுதான். முக்கால் மணி நேரமா குனிஞ்ச வாக்குல வட்டமா சுத்திக்கிட்டிருந்த கால், திடீர்னு உடம்பு மொத்தத்தையும் தாங்கி நேரா ஓடணும். மூளை ஓடுன்னு சொல்லுது, தொடை இன்னும் பெடல் மிதிக்கற ஞாபகத்துலயே இருக்கு. முதல் ஒரு கிலோமீட்டர் கால் நம்மளுதே இல்லை, யார்கிட்டயோ இரவல் வாங்கினது. அப்புறம் மெதுவா சரியாகுது. இதுக்காகவே சைக்கிள் விட்ட கையோட ஓடிப் பழகற பயிற்சிக்கு 'ப்ரிக்'னு பேர் வெச்சிருக்காங்க. செங்கல். காலைத் தொட்டுப் பாத்தா பேர்க்காரணம் விளங்கிடும்.

மிஷன் பே ஆளுங்களுக்கு இதுல எதுவும் முன்கூட்டித் தெரியாது. போதாததுக்கு வரிசையே வேற. இன்னிக்கு எல்லா இடத்துலயும் நீச்சல் முதல், சைக்கிள் ரெண்டாவது, ஓட்டம் கடைசி. அன்னிக்கு ஓட்டம் முதல், அப்புறம் சைக்கிள், அதுக்கப்புறம் நீச்சலும் வெறுங்கால் ஓட்டமும் மாத்தி மாத்தி. உடம்புல இருக்கற சக்தியெல்லாம் வடிஞ்ச பிறகு தண்ணியில இறங்கணும்! களைச்சுப்போனா ஓட்டத்துல நடக்கலாம், சைக்கிளை ஓரங்கட்டலாம், தண்ணிக்கு நடுவுல என்ன பண்றது? நீச்சல் முதல்ல இருக்கறதுதான் பாதுகாப்புங்கறது இன்னிக்கு நமக்கு சாதாரண விஷயம். அன்னிக்கு அதெல்லாம் யாரும் அனுபவிச்சுப் பாக்காத சங்கதி.

ஜெயிச்சவர் பில் ஃபிலிப்ஸ். நேரம் 55 நிமிஷம் 44 விநாடி. இப்ப ஒரு சின்னக் கணக்கு. 5:45க்கு மேல தொடங்கின போட்டி, முதல் ஆள் முடிக்கும்போதே மணி ஆறே முக்காலை நெருங்கியாச்சு. செப்டம்பர் கடைசியில சான் டியேகோவுல சூரியன் மறையறதும் கிட்டத்தட்ட அதே நேரம்தான். அப்ப மீதி இருக்கற 45 பேர்? கடைசியில வந்தவங்க இருட்டுல நீந்திக்கிட்டிருந்தாங்க. இதை ரெண்டு அமைப்பாளர்களும் எதிர்பார்க்கவே இல்லை.

என்ன பண்ணினாங்க தெரியுமா? கார்களைக் கரைக்குக் கொண்டு வந்து, தண்ணியைப் பாத்து நிறுத்தி, ஹெட்லைட்டைப் போட்டாங்க. அந்த வெளிச்சம்தான் கரை எந்தப் பக்கம்னு கடைசி ஆளுங்களுக்குக் காட்டினது. நேரமாச்சு, கிளம்புங்கன்னு யாரையும் அனுப்பிடலை.

(ஒரு இடைச்செருகல். உலகத்துலயே முதல் ட்ரையத்லான் இதுதான்னு அடிச்சுச் சொன்னா ஃபிரெஞ்சுக்காரங்க சண்டைக்கு வருவாங்க. 1920களிலேயே பாரிஸ் பக்கம் மார்ன் ஆத்தங்கரையில ஓட்டம், சைக்கிள், நீச்சல் மூணும் சேர்ந்த போட்டிகள் நடந்திருக்கு. ஆனா அந்த வேர் துளிர்க்காமலே நின்னுபோச்சு. இன்னிக்கு உலகம் முழுக்க நடக்கறதெல்லாம் மிஷன் பேயில இருந்து கிளைச்ச மரம்தான்.)

அது எப்படிக் கிளைச்சதுங்கறதுக்கு அந்த 46 பேர் பட்டியல்லயே பதில் இருக்கு. முப்பத்தஞ்சாவதா வந்தவர் பேரு ஜான் காலின்ஸ். அமெரிக்கக் கடற்படை அதிகாரி. அவர் மனைவி ஜூடியும் பிள்ளைகளும்கூட அன்னிக்குப் போட்டியில இருந்தாங்க. குடும்பத்தோட பீச்சுக்குப் போற மாதிரி குடும்பத்தோட ட்ரையத்லான்!

காலின்ஸ் குடும்பம் அப்புறம் வேலை மாற்றத்துல ஹவாய்க்குப் போச்சு. அங்க 1977ல ஒரு தொடர் ஓட்டப் போட்டியோட பரிசளிப்பு விழாவுல வழக்கமான வெட்டிப்பேச்சு. யாருக்கு ஸ்டாமினா அதிகம், ஓட்டக்காரனுக்கா, நீச்சல்காரனுக்கா, சைக்கிள்காரனுக்கா? ஜான் எழுந்து ஒரு வழி சொன்னார். தீவுல ஏற்கனவே மூணு பெரிய போட்டி இருக்கு. வைகிகி கடல் நீச்சல் 2.4 மைல், ஓஆஹு தீவைச் சுத்தற சைக்கிள் பந்தயம், ஹொனலூலு மாரத்தான். மூணையும் ஒரே நாள்ல வெப்போம், ஜெயிக்கறவனை அயர்ன்மேன்னு கூப்பிடுவோம். சைக்கிள் தூரத்தைக் கொஞ்சம் வெட்டி 112 மைலாக்கினாங்க. 1978 பிப்ரவரி 18 அன்னிக்கு 15 பேர் தொடங்கி 12 பேர் முடிச்சாங்க. முதல்ல வந்தவர் கார்டன் ஹாலர், 11 மணி 46 நிமிஷம் 58 விநாடி.

கவனிங்க. சான் டியேகோவுல முப்பத்தஞ்சாவதா வந்த ஒருத்தர்தான் அயர்ன்மேனை உண்டாக்கினார். அன்னிக்கு ஹெட்லைட்டுகளைப் போடாம, "முதல் அஞ்சு பேருக்குப் பரிசு குடுத்தாச்சு, மத்தவங்க வீட்டுக்குப் போங்க"ன்னு சொல்லி அனுப்பியிருந்தா, பாதியில திரும்பின ஒரு ஆள் மூணு வருஷம் கழிச்சு இப்படி ஒரு கிறுக்கு யோசனையோட எழுந்து நின்னிருப்பாரா? எனக்கென்னவோ சந்தேகம்தான்.

அதுக்கப்புறம் தம்பியோட காட்டுல மழை. 1979ல ஸ்போர்ட்ஸ் இல்லஸ்ட்ரேட்டட் பத்திரிகை எழுதினது, 1980ல டிவி வந்தது. 1982 பிப்ரவரியில ஜூலி மாஸ்ங்கிற காலேஜ் மாணவி, பட்டப் படிப்புக்கான ஆய்வுக்காகக் கலந்துக்கிட்டவர், முதலிடத்துல வந்து முடிவுக்கோட்டுக்குக் கொஞ்ச தூரத்துல சுருண்டு விழுந்தார். காத்லீன் மெக்கார்ட்னி தாண்டிப் போயிட்டார். ஜூலி தவழ்ந்தே கோட்டைத் தொட்டார். அதை டிவியில பாத்த சனங்க மனசுல, ட்ரையத்லான்னா இதுதான்னு ஆணி அடிச்ச மாதிரி பதிஞ்சுபோச்சு. நம்ம கேள்விக்காரங்க "அயர்ன்மேனா?"ன்னு கேக்கறதுக்கு மூலகாரணம் இங்கதான் இருக்கு.

ஆனா அதே 1982ல இன்னொண்ணும் நடந்தது. ஜிம் கர்ல், கார்ல் தாமஸ்னு ரெண்டு பேர் சாதாரண ஆட்கள் முடிக்கக்கூடிய தூரத்துல ஊர் ஊரா ஒரு போட்டித் தொடரை ஆரம்பிச்சாங்க. தொடங்கினது எங்க? அதே சான் டியேகோ. கொஞ்ச வருஷத்துல தூரம் 1.5 கிலோமீட்டர் நீச்சல், 40 கிலோமீட்டர் சைக்கிள், 10 கிலோமீட்டர் ஓட்டம்னு நிலைச்சது. 1989ல ஃபிரான்ஸின் அவிஞான்ல சர்வதேசக் கூட்டமைப்பு உருவாகி முதல் உலக சாம்பியன்ஷிப் நடந்தபோதும் அளவு அதேதான். 2000ல சிட்னி ஒலிம்பிக்குக்குப் போனதும் அதேதான். இன்னிக்கும் ஒலிம்பிக்ல இருக்கறது அந்தக் குறுந்தூரம்தான், அயர்ன்மேன் இல்லை. அதுல பாதிதான் ஸ்பிரிண்ட். அண்ணன் சத்தமில்லாம ஒலிம்பிக் போயிட்டான்!

இன்னொரு விஷயத்தை முக்கியமா சொல்லணும். பெண்கள். பாஸ்டன் மாரத்தான் பெண்களை முறைப்படி அனுமதிச்சதே 1972லதான். 1974 நிலவரப்படி ஒலிம்பிக்ல பெண்கள் ஓடக்கூடிய அதிகபட்ச தூரம் 1500 மீட்டர். பெண்கள் மாரத்தான் ஒலிம்பிக்குக்கு வந்தது 1984ல. அதுக்கு மேல ஓடினா பெண்களோட உடம்பு தாங்காதுன்னு பெரிய பெரிய ஆட்களே சீரியஸா பேசிக்கிட்டிருந்த காலம். அந்தக் காலத்துலதான் ஜூடி காலின்ஸ் ஒரு புதன்கிழமை சாயங்காலம் ஆண்களோட ஒரே தொடக்கக் கோட்டுல நின்னு, ஓடி, மிதிச்சு, நீந்தினார். 1978 முதல் அயர்ன்மேன்ல தொடங்கின 15 பேரும் ஆண்கள். முதல் பெண்ணா லின் லமேர் அடுத்த வருஷம்தான் வந்தார், அதுவும் ஒட்டுமொத்தத்துல அஞ்சாவது இடம்.

சிட்னியில ட்ரையத்லான் அறிமுகமானப்ப ஆண்களுக்கும் பெண்களுக்கும் ஒரே தூரம், முதல் வருஷத்துல இருந்தே. அதுலயும் முதல்ல நடந்தது பெண்கள் போட்டி. ஸ்விட்சர்லாந்தின் பிரிஜிட் மெக்மஹோன் ரெண்டே விநாடி வித்தியாசத்துல தங்கம் வாங்கினார். மாரத்தானுக்கு எண்பத்தெட்டு வருஷம் ஆன வேலை (1896ல இருந்து 1984 வரைக்கும்) இங்க ஒரு நாள்கூட எடுத்துக்கலை. பொறந்த வீட்டு வளர்ப்பு அப்படி.

இதையெல்லாம் ஏன் இவ்வளவு நீட்டி எழுதறேன்னா, சின்னதை முடிச்சவங்க பலபேர் அதை வெளிய சொல்லவே கூச்சப்படறாங்க. "சும்மா ஸ்பிரிண்ட்தான்"ங்கற அந்த 'சும்மா'வும் 'தான்'உம் எனக்குப் பிடிக்கலை. ஆபீஸ் போற, குழந்தைய ஸ்கூல்ல விடற, நாப்பது வயசுல நீச்சல் கத்துக்கற ஆளுங்களுக்காகப் பின்னாடி இரக்கப்பட்டுச் சேர்த்த பிரிவு இல்லை இது. இந்த விளையாட்டே அவங்களுக்காகத்தான், அவங்களாலதான், ஒரு வேலை நாள் சாயங்காலம் தொடங்கினது. நான் முடிச்ச போட்டியிலகூட, பரிசு வாங்கினவங்க ஷூ கழட்டி உக்காந்துட்ட பிறகும், கடைசி ஆள் வர்ற வரைக்கும் ஒரு முப்பது பேர் வெயில்ல நின்னு கை தட்டிக்கிட்டிருந்தாங்க. எல்லாருக்கும் மிஷன் பே கதை தெரிஞ்சிருக்கும்னு நான் நம்பலை. பழக்கம் மட்டும் எப்படியோ வந்து சேர்ந்திருக்கு.

ஆசை இருக்கறவங்களுக்கு ஒரு வார்த்தை. முதல்ல நீச்சல் கத்துக்கோங்க, மத்த ரெண்டும் உங்களுக்கு ஏற்கனவே தெரியும். ஒரு ஹெல்மெட்டும், பிரேக் பிடிக்கற ஒரு சைக்கிளும் போதும். இருபத்தஞ்சு மீட்டர் குளத்துல நிக்காம முப்பது தடவை இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் போக முடிஞ்சா, 750 மீட்டர் வந்தாச்சு. அப்புறம் யாராவது "அயர்ன்மேனா?"ன்னு கேட்டா, "இல்லைங்க, அதோட அண்ணன்"னு சொல்லுங்க.

பி.கு: இதை எழுதும்போது தமிழ்ல ட்ரையத்லானா, டிரையத்லனா, ட்ரயத்லானான்னு பெரிய குழப்பம். அகராதியில தேடினேன், கிடைக்கலை. ஜான்ஸ்டன் மாதிரி நானே முடிவு பண்ணி எழுதிட்டேன். கோப்பைக் கடைக்காரர் யாராவது கேட்டா இதையே சொல்லுங்க :-)